புதிய பிளக் பொயின்டுகளுக்குச் சுவரைத் தயார்செய்தல்: கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வயரிங் வேலையில் பின்னர் திருத்திக்கொள்ளக்கூடியவை பல உண்டு. பிளக்கின் முகத்தட்டு பிடிக்கவில்லை என்றால் கழற்றி மாற்றலாம். குழாயை ஒழுங்காகப் புதைத்திருந்தால், பல ஆண்டுகளுக்குப் பின் உள்ளே ஓடும் வயர்களையும் உருவியெடுத்துப் புதியவற்றை இழுக்கலாம். தவறான இடத்தில், தவறான ஆழத்தில் சுவரில் வெட்டிய காடியை, அதாவது குழாய் புதைக்கும் நீண்ட பள்ளத்தை, மட்டும் அப்படித் திருத்த முடியாது. சாந்து பூசி அதை மறைக்கலாமே தவிர, வெட்டுப்பட்ட செங்கல்லுக்கு அதன் பழைய வலிமையைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. அப்படியிருந்தும், பல வீட்டுத் திருத்த வேலைகளில் சுவர் வெட்டுவது அரை நாளில் முடித்துவிடும் எடுபிடி வேலையாகவே கருதப்படுகிறது. எலெக்ட்ரீசியன் வருவதற்கு முன் யாராவது ஒருவர் கிரைண்டரால் கோடு இழுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டு, வெட்டுவதற்கு முந்தைய வேலைக்கு அதிக நேரத்தையும், வெட்டுவதற்குக் குறைந்த நேரத்தையும் கொடுக்க வேண்டும் என்பதே இங்கு சொல்லப்போகும் முறையின் அடிப்படை.

ஒரு வரையறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடம் குறித்தல், காடி வெட்டுதல், பெட்டியும் குழாயும் பொருத்துதல், மீண்டும் பூசுதல் ஆகியவற்றை வீட்டுக்காரர் ஒரு நல்ல மேசனின் துணையுடன் செய்யலாம். வயர்களை இணைப்பதும், விநியோகப் பெட்டியைத் திறப்பதும், முடிவில் சோதிப்பதும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற எலெக்ட்ரீசியனின் வேலை. அவரை வயர் இழுக்கும் நாளில் மட்டும் அழைப்பது போதாது; சுவரில் பென்சில் கோடு போடும் நாளிலேயே அழைத்துக் காட்ட வேண்டும். ஏற்கனவே உள்ள சுற்று புதிய பொயின்டைத் தாங்குமா, இல்லை விநியோகப் பெட்டியிலிருந்து தனி வழி எடுக்க வேண்டுமா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானத்தைப் பொறுத்தே காடி எங்கிருந்து எங்கே போகும் என்பது அமையும்.

எங்கே, எவ்வளவு உயரத்தில்

காகிதத்தில் ஒவ்வோர் அறையையும் வரைந்து, கட்டில், அலுமாரி, மேசை, தொலைக்காட்சி ஆகியவற்றின் இடங்களைக் குறித்த பின்னரே பொயின்டுகளுக்கு இடம் தேட வேண்டும். அலுமாரிக்குப் பின்னால் மறைந்துபோகும் பிளக், நீட்டிப்பு வயருக்கே வழிவகுக்கும். இருப்பறையிலும் படுக்கையறையிலும் தரையிலிருந்து 300 முதல் 450 மில்லிமீற்றர் வரையான உயரம் வசதியானது. முதியவர்கள் உள்ள வீட்டில் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வைப்பது நல்லது. குனிய வேண்டிய தேவை குறையும். வெல்லம்பிட்டி, கொலன்னாவை போன்ற களனி கங்கையை அண்டிய தாழ்ந்த பகுதிகளில் 2016 மே மாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அங்கு முன்னர் நீர் ஏறிய அடையாளத்துக்கு மேலேயே கீழ்த்தளத்துப் பொயின்டுகள் அனைத்தும் அமைய வேண்டும். குழாய்களும் தரையிலிருந்து மேலேறாமல், கூரைப் பக்கத்திலிருந்து கீழிறங்க வேண்டும்.

சமையலறையில் வேலைமேசையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 150 மில்லிமீற்றர் உயரமும், கழுவுதொட்டியின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 300 மில்லிமீற்றர் தூரமும் வேண்டும். எரிவாயு அடுப்புக்கு நேர் பின்னால் பிளக் வைக்கக் கூடாது. சிலிண்டர் இருக்கும் மூலையில் தரைமட்டப் பொயின்டும் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோரமாகவே தேங்கும், பிளக்கைச் செருகும்போது எழும் சிறு பொறியே அதற்குப் போதும். சாமி அறையில் மின்விளக்குக்குப் பொயின்ட் கேட்பவர்கள் பலர். அதை எண்ணெய் விளக்கின் சுடருக்கு நேர் மேலே வைக்காமல், எண்ணெய்ப் புகை படியாத பக்கச் சுவரில் வைக்க வேண்டும். குளியலறையில் சாதாரண பிளக் வைக்க வேண்டாம்.

எத்தனை பொயின்டுகள் என்பதைவிட எவ்வளவு சுமை என்பதே முக்கியம். 230 வோல்ட்டில் 2000 வாற் மின்கேத்தல் ஒன்று ஏறத்தாழ 8.7 அம்பியர் எடுக்கும். 700 வாற் ரைஸ் குக்கர் 3 அம்பியர். 1000 வாற் இஸ்திரிப் பெட்டி 4 அம்பியருக்குச் சற்று மேல். இவை மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே சுற்றில் ஓடினால் 16 அம்பியரைத் தொட்டுவிடும். வீட்டுக்கு வரும் இணைப்பு 30 அம்பியர் ஒற்றைக் கட்டமாக (சிங்கிள் பேஸ்) இருந்தால், மொத்தம் 6900 வாற்றே கிடைக்கும். ஆகவே சமையலறைக்குத் தனிச் சுற்று எடுப்பதே சரி, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில், அதாவது கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயரில், 20 அம்பியர் எம்.சி.பி.யுடன் (சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிச்) கடைசிப் பொயின்டோடு முடியும் நேர்ச்சுற்றாக, அல்லது 32 அம்பியர் எம்.சி.பி.யுடன் வளையச் சுற்றாக எலெக்ட்ரீசியன் அமைப்பார். வளையச் சுற்றாயின் போகும் வயரும் திரும்பும் வயரும் சேர்ந்து ஒரே பெட்டிக்கு வரும் என்பதால் குழாயின் பருமனும் பெட்டியின் ஆழமும் மாறும். இதை வெட்டுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் உருளை முள் பொயின்டுகள் இன்னும் இருக்கின்றன. இன்றைய நியமம் 13 அம்பியர் சதுர முள். பழைய 5 அம்பியர் பொயின்டுக்கு வரும் வயர் மெல்லியதாக இருக்கலாம், அதில் எர்த் வயரே இல்லாமலும் இருக்கலாம். அதிலிருந்து கிளை எடுத்துப் புதிய 13 அம்பியர் பிளக் வைப்பதும், மின்விளக்குச் சுற்றிலிருந்து கிளை எடுப்பதும் வயர் சூடேறிச் சுவருக்குள்ளேயே கருகுவதற்கு வழிசெய்யும்.

சுவரை அறிதல்

கொழும்பில் சுவர் என்பது ஒரே பொருளல்ல. கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ உள்ள ஒரு பழைய வீட்டில் 9 அங்குலச் செங்கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்து நிற்கும். அதே வீட்டின் பின்பக்கத்தில் பிற்காலத்தில் சேர்த்த அறை 4 அங்குலச் சீமெந்துக் கல்லில் இருக்கும். புறநகர்ப் பக்கம் சென்றால் கபுக் எனப்படும் மென்மையான செந்நிறக் கல்லில் கட்டிய சுவரும் கிடைக்கும். தொடர்மாடியில் ஒரு பக்கம் கொங்கிறீற்றாகவும் மறுபக்கம் மெல்லிய கல்லாகவும் இருக்கும். ஒவ்வொன்றும் வெட்டுக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். எனவே, ஏற்கனவே உள்ள ஒரு சுவிச்சின் முகத்தட்டை மின்சாரத்தை நிறுத்திய பின் கழற்றி, பெட்டியின் ஓரத்தில் தெரியும் பொருளைப் பார்ப்பது முதல் வேலை. அது இயலாவிட்டால், பெட்டி வரப்போகும் இடத்திலேயே சிறு துளையிட்டு வெளிவரும் தூளின் நிறத்தைப் பார்க்கலாம். சிவப்புத் தூள் செங்கல். செம்மஞ்சளும் பழுப்பும் கலந்து ஈரமாக ஒட்டுவது கபுக். சாம்பல் நிறத்தில் வந்து சட்டென்று வெற்றிடத்துக்குள் துரப்பணம் விழுந்தால் உட்குடைவான சீமெந்துக் கல். சாம்பல் நிறத்தில் வந்து துரப்பணம் முன்னேற மறுத்தால் கொங்கிறீற்று.

செங்கற்சுவர் இவற்றுள் மிக இணக்கமானது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் கல் உறுதியாக இருந்தாலும் பூச்சு சுவரிலிருந்து விட்டு நிற்கலாம். விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி கேட்கும் இடமெல்லாம் கிரைண்டரின் அதிர்வில் பாளம் பாளமாக உதிரும். அத்தகைய இடத்தில் முதலில் ஆழம் குறைந்த வெட்டு ஒன்றைக் காடியின் இரு கரையிலும் இட்டு, பூச்சைப் பிரித்த பின்னரே கல்லைத் தொட வேண்டும்.

கபுக் கல் மென்மையானது என்பதால் வெட்டுவது எளிது என்று எண்ணத் தோன்றும். வெட்டுவது எளிதே, கரையை நேராக நிறுத்துவதுதான் கடினம். அடித்து வெட்டினால் கல்லில் உள்ள சிறு குழிகளோடு சேர்ந்து கரை இடிந்து, 30 மில்லிமீற்றர் காடி 80 மில்லிமீற்றர் பள்ளமாகிவிடும். இங்கு கூரிய உளியும் இலேசான சுத்தியலுமே தக்க கருவிகள். பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பெட்டிக்கான பள்ளத்தைச் சிறிது பெரிதாக எடுத்து, பெட்டியைச் சுற்றிச் சாந்து கட்டி நிறுத்த வேண்டும், ஏனெனில் கபுக்கில் நேரடியாகத் திருகாணி பிடிக்காது.

உட்குடைவான சீமெந்துக் கல்லில் முகப்புத் தோல் மிக மெல்லியது. காடி வெட்டினால் அந்தத் தோல் முழுவதும் அறுபட்டுக் குழிக்குள் திறந்துவிடும். ஆகவே இச்சுவரில் செங்குத்தாக மட்டுமே, அதுவும் ஒரு சுவரில் இயன்றவரை ஒரே காடியாக, குழாய் புகும் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். சுவரின் இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பெட்டி வைப்பது 4 அங்குலச் சுவரில் பெருந்தவறு. நடுவில் எஞ்சும் கல் மிகக் குறைவு. ஓர் அறையின் சத்தம் மற்ற அறைக்குக் கேட்பதோடு, பிளக்கை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் சுவர் ஆடும்.

கொங்கிறீற்றுத் தூண், வளை, தளம், தாங்குசுவர் ஆகியவற்றை வெட்டவே கூடாது. உள்ளே கம்பிகளைக் காக்கும் மேல்மூடியை அறுப்பது, கடற்காற்று வீசும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரத்தில் கம்பி துருப்பிடிக்கக் கதவு திறந்துவிடுவதாகும். தொடர்மாடியில் வசிப்பவர்கள் முகாமைத்துவக் குழுவின் எழுத்துமூல அனுமதியைப் பெற்று, கட்டட வரைபடத்தில் எது தாங்கும் சுவர், எது பிரிப்புச் சுவர் என்று பார்த்த பின்னரே தொடங்க வேண்டும். கொங்கிறீற்றுப் பக்கத்தில் பொயின்ட் வேண்டுமாயின் சுவரின் மேலோடும் பிளாஸ்டிக் உறைக்குள் வயரைக் கொண்டுசெல்லலாம். அது சற்று உறுத்தலாகத் தெரியும் என்பது உண்மை. கட்டடத்தின் எலும்பை அறுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னுமொன்று உண்டு. பழைய வீடுகளில் தட்டையான அஸ்பெஸ்டஸ் தகடுகள் உட்கூரையாகவும் சில இடங்களில் அறைத் தடுப்பாகவும் இருக்கும். அவற்றில் கிரைண்டரையோ துரப்பணத்தையோ வைக்கக் கூடாது; அந்த நார்த்தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. குழாயின் பாதையை அத்தகட்டைத் தொடாமல் மாற்றி அமைப்பதுதான் ஒரே நல்ல வழி.

பாதையும் ஆழமும்

குழாய் எங்கே ஓடுகிறது என்பதைச் சுவரைப் பார்த்தே ஊகிக்க முடிய வேண்டும். இதற்காகவே, மறைந்து செல்லும் வயர் ஒரு பொயின்டுக்கோ சுவிச்சுக்கோ நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, நேர் கிடையாகவோ மட்டும் செல்ல வேண்டும் என்ற விதி பிரித்தானிய வயரிங் விதிகளில் இருக்கிறது; நமது எலெக்ட்ரீசியன்களும் அவ்விதிகளையே பின்பற்றிப் பழகியவர்கள். அவை தவிர, உட்கூரையிலிருந்து 150 மில்லிமீற்றர் கீழ் வரையும், இரண்டு சுவர்கள் சேரும் மூலையிலிருந்து 150 மில்லிமீற்றர் வரையும் உள்ள பட்டைகளும் அனுமதிக்கப்பட்டவை. குறுக்குக் கோடாகச் சாய்த்து வெட்டுவது குழாயில் இரண்டடி மிச்சப்படுத்தும்; ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு அங்கு வயர் இருப்பது தெரிய வழியே இல்லை. சாய்ந்த காடியை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்க வேண்டாம்.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. செங்குத்துக் காடி சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. இந்தத் தடிப்பில் பூச்சைச் சேர்க்கக் கூடாது. 9 அங்குலச் செங்கற்சுவரை 225 மில்லிமீற்றர் என்று கொண்டால், செங்குத்தாக 75, கிடையாக 37 மில்லிமீற்றர் வரை போகலாம். நாலரை அங்குலச் சுவரில் அதே எல்லை 37 ஆகவும் 18 ஆகவும் சுருங்குகிறது. இப்போது தேவையைப் பார்ப்போம்: 20 மில்லிமீற்றர் கொண்டியூட் குழாய், அதன்மேல் குறைந்தது 12 மில்லிமீற்றர் சாந்து; ஆக, பூச்சின் முகத்திலிருந்து 32 மில்லிமீற்றர். பூச்சு 15 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால் கல்லில் வெட்ட வேண்டியது 17 மில்லிமீற்றர் மட்டுமே. நாலரை அங்குலச் சுவரில்கூடச் செங்குத்துக் காடிக்கு இது தாராளமாக அடங்கும். கிடைக்காடிக்கு எல்லையை உரசும், கை சற்றே தவறினால் எல்லை தாண்டிவிடும். ஆதலால் மெல்லிய சுவரில் கிடைக்காடியை முற்றாகத் தவிர்த்து, ஒவ்வொரு பொயின்டுக்கும் மேலிருந்து தனித்தனியாகக் குழாய் இறக்குவதையே விரும்புகிறேன். குழாய்ச் செலவு கூடும். சுவர் முழுமையாக இருக்கும்.

மேலிருந்து இறக்கும்போது ஒரு தடை வரும். ஓட்டுக் கூரையோ தகட்டுக் கூரையோ உள்ள வீட்டில், சுவரின் உச்சியில் கொங்கிறீற்று வளை ஓடும். அதன் குறுக்காகக் காடி வெட்டிக் கம்பியை அறுத்துவிடும் வழக்கம் உண்டு; அதைத் தடுக்க வேண்டும். வளை உள்ள உயரத்தில் மட்டும் குழாயைச் சுவருக்கு வெளியே எடுத்து உறையால் மூடலாம், அல்லது வளையில்லாத பிரிப்புச் சுவர் வழியாக இறக்கலாம். கதவு, சன்னல் நிலைகளின் ஓரத்திலிருந்து 150 மில்லிமீற்றராவது விலகியிருக்க வேண்டும். நிலைக்கு மேலுள்ள லிண்டலையும் வெட்டக் கூடாது.

கோடு போட நீர்மட்டமும் தூக்குநூலும் போதும். முதலில் பெட்டிகளின் இடத்தை வரைந்து, ஓர் அறையில் உள்ள எல்லாப் பெட்டிகளின் அடிக்கோடும் ஒரே மட்டத்தில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பழைய வீடுகளில் தரையே சரிந்திருக்கும் என்பதால் தரையிலிருந்து அளப்பதைவிட நீர்மட்டக் கோட்டிலிருந்து அளப்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். பின்னர் பெட்டியின் நடுவிலிருந்து தூக்குநூல் பிடித்துக் குழாயின் இரு கரைகளையும் வரையலாம். ஒரு 20 மில்லிமீற்றர் குழாய்க்கு 25 முதல் 30 மில்லிமீற்றர் அகலம் போதும்.

மின்சாரத்தை நிறுத்துதல்

வெட்டப்போகும் சுவரில் ஏற்கனவே வயரோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பார்க்காமல் கிரைண்டரைத் தொடக் கூடாது. உலோகமும் மின்சாரமும் காட்டும் சுவர் ஆய்வுக் கருவிகள் பழைய சோனகத் தெருப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். அவை உதவியானவை, ஆனால் ஈரச் சுவரில் பொய் சொல்லும், பி.வி.சி. தண்ணீர்க் குழாயை அநேகமாகக் காட்டாது. குளியலறைக்கும் சமையலறைக்கும் முதுகு காட்டும் சுவரில் குழாய்வாயின் நேர் மேலும் கீழும் குழாய் ஓடும் என்றே கொள்ள வேண்டும்.

மெயின் சுவிச்சை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று இப்போது சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில், கொழும்பில் பலர் இன்வேர்ட்டரும் மின்கலமும் பொருத்தினர். கூரைமேல் சூரியத் தகடு உள்ள வீடுகளும் பெருகியுள்ளன. மெயின் அணைந்த கணத்திலேயே மின்கலமுள்ள இன்வேர்ட்டர் தன் வயர்களுக்கு 230 வோல்ட்டை ஊட்டத் தொடங்கும். அதையும் நிறுத்தி, மின்கலத்தின் இணைப்பையும் துண்டித்து, விநியோகப் பெட்டியைப் பூட்டி அல்லது அதன்மேல் அறிவித்தல் ஒட்டி வைக்க வேண்டும். பின்னர் சோதிக்க வேண்டும்: சோதனைக் கருவி வேலைசெய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் ஒரு முறை, வேலை நடக்கும் இடத்தில் ஒரு முறை, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் ஒரு முறை. நியோன் டெஸ்டரை மட்டும் நம்புவதைவிட மல்டிமீற்றரோ சோதனை விளக்கோ வைத்துப் பார்ப்பது மேல். கிரைண்டருக்கான மின்சாரத்தை, வெட்டும் சுவரில் இல்லாத வேறொரு சுற்றை மட்டும் மீண்டும் இயக்கி, மின்கசிவு ஏற்பட்டால் உடனே விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் வழியாக மட்டும் எடுக்க வேண்டும்.

வெட்டுதல்

அறையைக் காலி செய்து, நகர்த்த முடியாதவற்றைப் பொலித்தீனால் மூடி, கதவிடுக்குகளை ஒட்டி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். செங்கல், சீமெந்து, கொங்கிறீற்று ஆகிய மூன்றின் தூசிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூசு ஆண்டுகள் கழித்து நுரையீரலை இறுக்கும். முகத்தில் துணி கட்டுவது அதற்குத் தடையாகாது. என்95 தரத்து முகக்கவசம், பக்கங்களும் மூடிய கண்ணாடி, காதடைப்பு ஆகிய மூன்றும் வெட்டுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் வேண்டும். சம்பளத்துக்கு வந்த தொழிலாளி வேண்டாம் என்று சொன்னாலும் வாங்கிக் கொடுத்து அணியச் செய்வது வீட்டுக்காரரின் கடமை என்றே கருதுகிறேன்.

இரட்டைத் தட்டுள்ள காடி வெட்டும் கருவியைத் தூசு உறிஞ்சியுடன் வாடகைக்கு எடுக்க முடிந்தால் அதுவே சிறந்தது. ஆழத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கலாம், இரண்டு கரையும் ஒரே ஓட்டத்தில் விழும். நாலங்குலக் கிரைண்டரில் வெட்டுவதானால் வைரத் தட்டையும் காவல் மூடியையும் பொருத்தி, ஒரேயடியாக முழு ஆழத்துக்குப் போகாமல் இரண்டு மூன்று ஓட்டங்களில் ஆழப்படுத்த வேண்டும். காவல் மூடியைக் கழற்றிவிட்டு வேலைசெய்பவரை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மேலிருந்து கீழாக இரு கரைகளையும் வெட்டிய பின், நடுவில் நிற்கும் கல்லைத் தட்டை உளியால் காடியின் நீளத்துக்கே சாய்த்துத் தட்டினால் அது வில்லை வில்லையாக விழும். உளியைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து ஓங்கி அடித்தால் மெல்லிய சுவரில் மறுபக்கப் பூச்சு பிதுங்கும்.

பெட்டிக்கான பள்ளத்தை வேறு விதமாக எடுக்க வேண்டும். தனிப் பொயின்டுக்கு 3க்கு 3, இரட்டைப் பொயின்டுக்கு 3க்கு 6 அங்குலப் பெட்டியைச் சுவரில் வைத்துக் கோடிட்டு, அக்கோட்டுக்குச் சற்று வெளியே கரைகளை வெட்டி, உள்ளே நெருக்கமாகத் துளைகள் இட்டு, பின்னர் உளியால் எடுக்கலாம். வெட்டி முடிந்ததும் காடியைத் தூரிகையால் கூட்டி, பெட்டியையும் குழாயையும் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும்; சாந்து கலந்த பின் காடி ஆழம் போதாது என்று கண்டுபிடிப்பது எல்லோரையும் அவசரப்படுத்தும்.

பெட்டியும் குழாயும்

வயரைக் குழாயின்றி நேரடியாகப் பூச்சுக்குள் புதைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அன்று சில ஆயிரம் ரூபா மிஞ்சும். வயர் பழுதடையும் நாளில் சுவரை மீண்டும் உடைக்க வேண்டும். 20 மில்லிமீற்றர் குழாயில் வயர்கள் உள்வெளியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல், இரண்டு இழுக்கும் இடங்களுக்கிடையில் இரண்டுக்கு மேற்பட்ட செங்கோண வளைவுகள் இல்லாமல் அமைத்தால் பிற்காலத்தில் வயர் தடையின்றி உருவும். வளைவுக்குக் கூர்மையான மூட்டைப் போடாமல், உள்ளே சுருள்வில்லை விட்டுக் குழாயையே மெதுவாக வளைக்க வேண்டும். மூட்டுகளைப் பசையிட்டு இணைக்காவிட்டால் பூசும்போது சீமெந்துப் பால் உள்ளே ஒழுகி இறுகிவிடும். குழாய் பெட்டிக்குள் நுழையும் வாயில் வயரின் தோலைக் கீறாதபடி புஷ் என்னும் வழவழப்பான வளையத்தைப் பொருத்தி, முழுப் பாதையிலும் நைலோன் கயிறொன்றை விட்டு வைத்து, வாய்களைக் காகிதத்தால் அடைக்க வேண்டும்.

பெட்டியின் ஆழத்தில் சிக்கனம் வேண்டாம். வளையச் சுற்றின் இரண்டு தொகுதி வயர்களும், யூ.எஸ்.பி. உள்ள பொயின்டும் வருமாயின் 35 மில்லிமீற்றர் பெட்டி நெருக்கும்; 47 மில்லிமீற்றர் பெட்டி வசதியானது. கரையோர வீடுகளில் உப்புக்காற்று சாதாரண இரும்புப் பெட்டியையும் திருகாணியையும் விரைவில் அரிக்கும் என்பதால், தடித்த பிளாஸ்டிக் பெட்டியும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் பொருத்தமானவை. பெட்டியின் வாய் முடிந்த பூச்சின் முகத்தோடு சமமாகவோ ஓரிரு மில்லிமீற்றர் உள்ளடங்கியோ இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் முகத்தட்டு சுவரில் படியாது, அதிகம் உள்ளே போனால் திருகாணி எட்டாது. மட்டம் பார்த்து, சாந்தில் பதித்து, திருகாணித் துளைகளையும் பெட்டியின் வாயையும் காகிதத்தால் நிரப்பி, அது இறுகும்வரை அசைக்காமல் விட வேண்டும். குழாயை அரை மீற்றருக்கு ஒரு கவ்வியாகப் பிடித்து நிறுத்த வேண்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எலெக்ட்ரீசியன் ஒரு முறை வந்து பார்த்துச் சம்மதித்த பின்னரே பூச்சைத் தொடங்கலாம்.

மீண்டும் பூசுதல்

உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; அப்படி உறிஞ்சப்பட்ட சாந்து இறுகாமல் பொடியாகும். ஆகவே காடியை முன்னதாகவே நனைத்து, நீர் வடிந்து ஈரம் மட்டும் எஞ்சும் நிலையில் பூச வேண்டும். செங்கல்லுக்கும் சீமெந்துக் கல்லுக்கும் ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் போதும். பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கலவை மிகக் கடினமாகி, கரையோரமாக மயிரிழைப் பிளவு விடும். அங்கு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் சுவரோடு ஒத்துப்போகும். உப்புக் கழுவப்படாத மணல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, சுவரில் வெள்ளை உப்பாகப் பூத்து, பெட்டியையும் அரிக்கும்.

முதற்பூச்சில் குழாயைச் சுற்றி வெற்றிடமின்றி அழுத்தி நிரப்பி, மேல்மட்டத்துக்கு 4, 5 மில்லிமீற்றர் குறைவாக நிறுத்த வேண்டும். காடி அகலமாக இருந்தாலோ இரண்டு குழாய்கள் பக்கத்தில் ஓடினாலோ, இரு கரையிலும் 50 மில்லிமீற்றர் படியும்படி கோழிக்கூட்டு வலையைப் பதித்தால் பிளவு குறையும். மறுநாள் இரண்டாம் பூச்சைப் பழைய சுவரின் முகத்தோடு சமப்படுத்தலாம். அதன்பின் ஒரு வாரம் நாளுக்கு இரு தடவை நீர் தெளிப்பதை யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். காடி ஒடுக்கமானது என்பதற்காக அதைக் கைவிடும் இடத்தில்தான் பிளவு முதலில் தோன்றும்.

பூச்சு உலர்வது கொழும்பில் பருவத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரையான உலர்ந்த மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை வெளிச்சுவரில் அடிக்கும். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியோடு கொட்டும். அக்காலத்தில் வெளிச்சுவரை வெட்ட நேர்ந்தால், முதலில் வெளிப்பக்கத்துக் கசிவைச் சரிசெய்ய வேண்டும். ஈரம் ஊறும் சுவரில் பெட்டி புதைப்பது ட்ரிப் சுவிச்சைத் தினமும் விழவைக்கும். புதிய பூச்சுக்கு நான்கு வாரம் கொடுத்து, உப்புப் பூத்திருந்தால் நீர் விடாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்து, காரம் தாங்கும் முதற்பூச்சுக்குப் பின் வண்ணம் அடிக்கலாம்.

வயரும் சோதனையும்

சுவர் ஓரளவு உலர்ந்த பின் எலெக்ட்ரீசியன் வயர் இழுப்பார். முகத்தட்டுகளைப் பொருத்துவதற்கு முன் வயர்த் தோலின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் காவலிச் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும். வயர்களுக்கிடையிலும், வயருக்கும் எர்த்துக்கும் இடையிலும் 1 மெகா ஓமுக்குக் குறைந்தால், எங்கோ தோல் கீறப்பட்டிருக்கிறது அல்லது ஈரம் புகுந்திருக்கிறது. எர்த் வயர் ஒவ்வொரு பொயின்ட் வரையும் தொடர்ந்து வருகிறதா என்பதும், ட்ரிப் சுவிச் சோதனைப் பொத்தானுக்கு மட்டுமின்றிச் சோதனைக் கருவிக்கும் விழுகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பியை நம்பியிருக்கும் நமது முறையில் உயிரைக் காப்பது அந்த 30 மில்லி அம்பியர் சுவிச்தான். பூசுவதற்கு முன் எடுத்த படங்களை வைத்து அறைவாரியாக ஒரு வரைபடம் தயாரித்து, ஒவ்வொரு குழாயும் அருகிலுள்ள மூலையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இறங்குகிறது என்று அதில் எழுதி, விநியோகப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு பிரதியை ஒட்ட வேண்டும்.